பதினோரு கிழிசல்கள்

புதன்கிழமை சாயங்காலம் நஃபீசாவை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம் என்பது நினைவிருக்கும். முகமெல்லாம் சிரிப்பு. கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள். "நாப்பது கவுனும் ரெடிங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, பெருநாள் பலகாரத்தை ஒளித்து வைத்திருப்பவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

விடிந்தால் வியாழன். இந்தக் குடும்பத்துக்கு இந்த வருஷத்திலேயே பெரிய நாள் அதுதான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும். நஃபீசாவின் கணவர் யூனுஸுக்குப் பதினெட்டு வருஷமாகச் சவூதியில், தம்மாமில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டிரியில் வேலை. ஆறு மாத லீவில் மன்னார்குடிக்கு வந்தவர் சும்மா இருக்கவில்லை. பாமணி ஆற்றோரம் மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லைப் பிடித்தார். நெல் அவித்த பாய்லர் அங்கே அப்படியே இருந்தது. உமியைப் போட்டு எரித்தால் வெந்நீரும் ஆவியும் வேண்டிய மட்டும் கிடைக்கும். திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றிலிருந்து பழைய துவைக்கும் மெஷின் லாரியில் வந்து இறங்கியது. ஆபரேஷன் தியேட்டரில் ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற நீல கவுனுக்குப் பதிலாக, அறுபது தடவை துவைத்துப் போடக்கூடிய பச்சை கவுன். அதுதான் அவருடைய யோசனை. துணி சூரத்திலிருந்து வந்தது. தையல் நஃபீசா. டாக்டர் எழில்மொழியின் நர்சிங் ஹோமில் மூன்று மாத வெள்ளோட்டம்.

டாக்டர் ஏன் சம்மதித்தார் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். போன குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அவருடைய அண்ணன், வயலில் தண்ணீர் ஏறவில்லையே என்று மடையில் கையைவிட்டுத் துழாவினார். கையோடு வந்தது ஒரு நீல கவுன். அதில் தங்கையின் ஆஸ்பத்திரி ஸ்டிக்கர். அண்ணன் கோபக்காரர். ஒரு குச்சியில் மாட்டி ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுவந்து நட்டுவிட்டார். நடவுக்குப் போய்த் தன்னைப் படிக்க வைத்த அம்மா வீட்டு வயலுக்கே தன் குப்பை போய்ச் சேர்ந்ததே என்று எழில்மொழிக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளோட்டம் இன்றோடு முடிகிறது. பதினோரு மணிக்கு இன்னும் இரண்டு ஊர்களிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். இந்தக் கவுனையே பயன்படுத்துகிறோம் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் மில் ஓடும், யூனுஸ் இங்கேயே இருந்துவிடலாம். போடாவிட்டால் சனிக்கிழமை திருச்சியிலிருந்து விமானம். ஞாயிற்றுக்கிழமையோடு விசா முடிகிறது. சீட்டைப் பிடித்து வைத்திருப்பவன் நஃபீசாவின் தம்பி, டிராவல்ஸ் நடத்தும் அஹமது கபீர். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லிடுங்க மச்சான். அதுக்கு மேல என்னால தாங்க முடியாது" என்று சொல்லியிருக்கிறான். அக்காவின் வாழ்க்கையையே அவன்தான் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறான் என்று அவனுக்கு எண்ணம்.

காலை ஒன்பது மணிக்கு மில்லில் உமி வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து அடித்தன. மகள் ரிஃப்காவுக்கு அரையாண்டு லீவு. பிளஸ் டூ படிக்கிறவள் புத்தகத்தோடு உட்கார வேண்டிய நேரத்தில், அத்தாவோடு வெளிச்ச மேசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பெயர்தான் பெரிது. ஒரு கண்ணாடிப் பலகை, அடியில் நாலு டியூப் லைட். துவைத்த கவுனை அதன்மேல் விரித்தால் ஊசிமுனை ஓட்டைகூடப் பளிச்சென்று தெரியும்.

"அத்தா, இது கையில கிழிஞ்சிருக்கு. அம்மாகிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷத்துல தைச்சுக் குடுத்துடுவாங்க" என்றாள் ரிஃப்கா.

"ஊசியே படக்கூடாதும்மா."

"அதெப்படி? கவுனையே ஊசியாலதானே தைச்சிருக்கு?"

யூனுஸுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் இருந்த மனுஷர். யாராவது நின்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், குளிர்ந்துவிடுவார்.

"தையல் எங்க இருக்குன்னு பாரு. விலாப் பக்கம், தோள் மேல, கைக்கு அடியில. அதுக்கும் உள்பக்கமா டேப் வெச்சு, சூடு காட்டி ஒட்டியிருக்கோம். ரத்தம் தெறிக்கிற இடம் நெஞ்சும் முன்கையும். அங்க தையலே இருக்கக்கூடாது. இரு, காட்டறேன்."

கிழிந்த கவுனின் கையில் கிழியாத ஓர் இடத்தை ஒரு தம்ளர் வாயில் விரித்துப் பிடித்துக்கொண்டு, குடித்து மிச்சமிருந்த டீயை அதன்மேல் ஊற்றினார். டீ இறங்கவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது. அதைத் தட்டிவிட்டு, ஊசியும் நூலும் எடுத்து அதே இடத்தில் நாலே நாலு தையல் போட்டார். மறுபடி ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நூல் நனைந்தது. தம்ளருக்குள் ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் இன்னொன்று.

"பாத்தியா? ஊசி ஓட்டை போடுது. நூலு திரி மாதிரி உறிஞ்சி உள்ள கொண்டுபோயிடுது. எவ்வளவு நெருக்கமா தைக்கிறோமோ அவ்வளவு ஓட்டை. அதனால கிழிசல் மேல அதே துணியில ஒரு துண்டு வெச்சு, சூட்டுல அழுத்தி ஒட்டணும். அந்த மெஷினைப் பார்க்கத்தான் செவ்வாக்கிழமை திருப்பூர் போனேன். அது வர்ற வரைக்கும் கிழிஞ்சதெல்லாம் பெட்டியிலயே கிடக்கட்டும்."

நாலடி தள்ளி நின்று துணி மடித்துக்கொண்டிருந்த நஃபீசாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

பெட்டியில் ஒன்றுமே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் பஸ் ஏறியதும், பெட்டியில் கிடந்த பதினோரு கவுனையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் இவள்தான். டாக்டரம்மா நாற்பது கேட்டிருந்தார். இருபத்தொன்பதுதான் உருப்படியாக இருந்தது. வெளியூர் டாக்டர்கள் வருகிற நாளில் குறைந்தால் நன்றாகவா இருக்கும்? நஃபீசாவின் கையைப் பற்றி மன்னார்குடிக்கே தெரியும். கல்யாணப் பட்டுப்புடவையை எலி கடித்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்கள், கடித்த இடம் எது என்று காட்டத் தெரியாமல் சிரித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அந்தக் கையால், மடிப்போரத்திலிருந்து அதே துணியின் நூலை உருவி, கிழிசலுக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, தறியில் நெய்தது போலவே செய்துவிட்டாள். மறுநாள் அவை வெளிச்ச மேசைக்கு வந்தபோது ரிஃப்கா ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. மேசையே ஏமாந்து போனது.

நாற்பது என்றதும், மிச்சத் துணியில் புதிதாகப் பதினொன்று தைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று யூனுஸ் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள். எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு, "எதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று அவரிடம் கேட்க வேண்டும் என்று ஆசை. அந்தச் சிரிப்பு அதற்குத்தான்.

அந்தப் பதினொன்றும் இப்போது நர்சிங் ஹோமில் இருக்கின்றன. முதல் ஆபரேஷன் ஒன்பதரைக்கு.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் யூனுஸ்.

"டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வந்துடறேங்க."

"பதினோரு மணிக்கு எல்லாருமாத்தானே போறோம்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். பதில் சொல்ல நின்றால் அழுதுவிடுவாள். அதற்குள் தெருமுனையில் ஓர் ஆட்டோ அகப்பட்டது.

தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ போனபோதுதான் அவள் மனசு வேறு பேச்சுப் பேச ஆரம்பித்தது. எதற்காக ஓடுகிறாய்? யாருக்குத் தெரியப் போகிறது? வெளிச்ச மேசையே கண்டுபிடிக்காததை அந்த டாக்டர்களா கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இன்றைக்கு ஒருநாள் வாயை மூடிக்கொண்டு இரு. கையெழுத்து ஆகட்டும். நாளைக்கு எல்லாக் கவுனும் துவைக்கத் திரும்பி வரும்போது பதினொன்றையும் உருவி எடுத்துவிடலாம். அவர் இங்கேயே இருப்பார். ரிஃப்கா காலேஜ் போகும்போது அத்தா வாசலில் நின்று வழியனுப்புவார்.

எவ்வளவு நியாயமான பேச்சு! நஃபீசாவுக்கே அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் தம்ளருக்குள் விழுந்த அந்த இரண்டாவது சொட்டு கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது. "கொஞ்சம் வேகமா போங்க தம்பி" என்றாள் ஆட்டோக்காரரிடம்.

நர்சிங் ஹோமில் தியேட்டர் கதவு மூடியிருந்தது. வாசலில் மங்களாம்பிகை சிஸ்டர்.

"என்ன நஃபீசாக்கா, இப்பவே வந்துட்டீங்க?"

"டாக்டரம்மா எங்கம்மா?"

"உள்ள சிசேரியன். ஆரம்பிச்சாச்சு, இப்ப யாரும் உள்ள போக முடியாது."

"எந்தக் கவுன் போட்டிருக்காங்க?"

"உங்க கவுன்தான். வேற எது போடுவாங்க?" என்று சிஸ்டர் சிரித்தார்.

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. வேறொரு நாளாக இருந்தால் நஃபீசா மாஷா அல்லாஹ் சொல்லியிருப்பாள். இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் எழில்மொழி கையுறையைக் கழற்றிப் போட்டார். கவுனை முன்பக்கமாக உருவி, உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கூடையில் போடப் போனார். அந்த வலது கைத்துணி நஃபீசாவின் கண்ணில் பட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் பச்சைத் துணி, மேலே ரத்தம். அவளுக்கு, ரத்தத்தில் ஊறிய தன் இழை தெரிந்தது.

"மேடம், உங்க கையைப் பாருங்க."

எழில்மொழி முன்கையைத் திருப்பிப் பார்த்தார். தோலில் துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்பாக ஒரு பொட்டு.

"இது எப்படி வந்துச்சு?"

"என்னாலதான் மேடம்."

குழாயடியில் நின்று டாக்டர் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்று நஃபீசா எல்லாவற்றையும் சொன்னாள். திருப்பூர் பஸ், பெட்டி, இழையோட்டினது, டீ, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோதும் டாக்டர் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

"அந்தப் பொண்ணோட ரத்தப் பரிசோதனையெல்லாம் சுத்தமா இருக்கு. என் கையில காயம் எதுவும் இல்ல. இன்னிக்கு நமக்கு நல்ல நேரம்" என்றார் கடைசியில். குரல் உயரவில்லை, ஆனால் கோபம் தெளிவாக இருந்தது. "போன வாரம் மஞ்சள் காமாலைக் கிருமி இருந்த ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணேன். அன்னிக்கு இதைப் போட்டிருந்தேன்னா?"

டாக்டர் குழாயை மூடினார்.

"யூனுஸுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். அவரு இங்கயே இருந்துடணும்னு ஆசைப்பட்டுத்தான் இந்த வேலையப் பண்ணேன். இப்ப நானே அவரை பிளேன் ஏத்தி அனுப்பிடுவேன் போலருக்கு." அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எழில்மொழி தேற்றவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். "மிச்சம் பத்து எங்க?"

"கட்டுக்குள்ள இருக்கு. எது எதுன்னு எனக்கு நினைவில்ல மேடம். பிரிச்சுத் தொட்டுப் பார்த்தா சொல்லிடுவேன்."

மங்களாம்பிகை பதறிவிட்டார். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு கவுன்கள். ராத்திரியே ஆவியில் வேகவைத்து, வெந்துவிட்டது என்று காட்டும் டேப் கறுத்து, தயாராக அடுக்கியிருக்கின்றன. பிரித்தால் எல்லாவற்றையும் திரும்ப வேகவைக்க வேண்டும். "இன்னும் மூணு கேஸ் இருக்கு மேடம்!"

"மாடியில பழைய நீலக் கவுன் ஒரு பெட்டி கிடக்குல்ல? அடுத்த கேஸுக்கு அதை எடு. மத்த ரெண்டையும் மத்தியானத்துக்குத் தள்ளு. பத்தொன்பது கட்டையும் பிரி."

வரவேற்பறைக்குப் பின்னால் நீள மேசை. பிரித்துப் போட்ட பச்சைக் கவுன்கள் அதில் மலையாகக் குவிந்தன. நஃபீசா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணால் பார்த்தால் அவளே ஏமாந்துவிடுவாள், அவ்வளவு சுத்தமான வேலை. விரல் மட்டும் துணிமேல் போய்க்கொண்டிருந்தது. முதல் நாலில் ஒன்றும் இல்லை. ஐந்தாவதில் விரல் நின்றது. மார்புப் பக்கம், அரை விரல் நீளம். அதை இடதுபுறம் போட்டாள்.

இந்தக் காட்சியில்தான் யூனுஸ் வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, லேசாக அத்தர் வாசனை, கையில் டாக்டர்களுக்குக் காட்ட ஒரு புது கவுன். பின்னாலேயே அந்த இரண்டு டாக்டர்களும். நஃபீசா அவர் வந்ததை வாசனையிலேயே தெரிந்துகொண்டாள். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்பது ஒரு காரணம்.

எழில்மொழி மூன்றே வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னார். யூனுஸ் கையிலிருந்த புது கவுனை மெதுவாக மேசையில் வைத்தார்.

திருத்துறைப்பூண்டி டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் சிரிக்கிற இடம் தெரியாது. "இதுக்குத்தாம்மா நான் டிஸ்போசபிளை விட்டு நகர்றதே இல்ல. பிரிச்சோமா, போட்டோமா, எறிஞ்சோமா, தீர்ந்துது."

"உங்க கவுன்ல ஓட்டை இல்லைன்னு எப்படி டாக்டர் தெரியும்?" என்றார் எழில்மொழி.

"பெட்டியில எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. ஒருவேளை ஓட்டை இருந்துதுன்னா, அதைச் செஞ்சவங்க ஆட்டோ புடிச்சு உங்க தியேட்டர் வாசல்ல வந்து நிப்பாங்களா?"

அவர் தோளைக் குலுக்கினார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு கையெழுத்து போயிற்று.

தஞ்சாவூரிலிருந்து வந்தவர் டாக்டர் பகலவன். இடதுபுறம் கிடந்த கவுன்களில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நகத்தால் தடவினார். "இதை நீங்கதான் பண்ணீங்களா?" என்று நஃபீசாவிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"இதை நான் எடுத்துக்கிட்டுப் போகலாமா?"

எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எழில்மொழி தலையசைத்தார். அவர் அதை நாலாக மடித்துத் தோல்பையில் வைத்துக்கொண்டு, ஆமாவும் சொல்லாமல் இல்லையும் சொல்லாமல், வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

பத்தும் கிடைத்த பிறகுதான் நஃபீசா நிமிர்ந்தாள். யூனுஸ் அவளைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்குக் கையெழுத்து இல்லைங்க யூனுஸ்" என்றார் எழில்மொழி. "மறுபடியும் மூணு மாசம். முதல்லேருந்து. கிழிசல் எங்க, எந்தத் தேதியில ஒட்டினதுன்னு கவுன்லயே மையில எழுதியிருக்கணும். ஒவ்வொரு கட்டுலயும் பார்த்தவங்க கையெழுத்து வேணும். ஒரு கட்டு அது இல்லாம வந்தாலும் அத்தோட நிறுத்திடுவேன்."

"சரிங்க மேடம். நான் போட்டுடறேன்."

"உங்க கையெழுத்து இல்ல. இவங்களோடது." நஃபீசாவைக் காட்டினார். "தப்பு பண்ணிட்டு என் வாசலுக்கு ஓடி வந்த கை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுதான் வேணும்."

மில்லுக்குத் திரும்பி வந்து யூனுஸ் மத்தியானத்து லுஹர் தொழுகையை முடித்தார். நஃபீசா சோற்றைப் போட்டு வைத்தாள். இரண்டு கவளம் சாப்பிட்டார். ரிஃப்கா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகவே புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

யூனுஸ் வெளிச்ச மேசை விளக்கைப் போட்டார். டாக்டர் பகலவன் எடுத்துப் போனது போக மிச்சமிருந்த ஒன்பது கவுனையும் ஒவ்வொன்றாக விரித்து, முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு தேடினார். இரண்டைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

"எனக்கே தெரியலையே" என்றார். நர்சிங் ஹோமிலிருந்து வந்த பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"திட்டிடுங்க. சும்மா இருக்காதீங்க" என்றாள் நஃபீசா.

"எதுக்குத் திட்ட? மூணு மாசமா ரிஃப்காவுக்குப் பாடம் நடத்துறேன். பாய்லர்காரர் அரசப்பனுக்கு நடத்துறேன். உனக்கு ஒரு நாளாச்சும் இதைச் சொன்னேனா? ஊசியைப் பத்தி உனக்குப் போய் நான் என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன். உன் கைக்கு மரியாதை குடுக்கறதா நெனச்சுக்கிட்டேன்." விரித்திருந்த கவுனை மடித்து வைத்தார். "வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போறவனுக்கு, பொண்டாட்டிக்கு எது தெரியும் எது தெரியாதுன்னே தெரிய மாட்டேங்குது."

இந்த மனுஷர் திட்டியிருந்தால் தேவலை என்று நஃபீசாவுக்குத் தோன்றியது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மேசையின் மறுபக்கம் வந்து நின்றாள்.

"என்ன பண்ணப் போறே? மெஷின் வந்தா மேல துண்டு வெச்சு ஒட்டிடலாமே."

"வேணாங்க. ஊசி பட்ட இடத்தைச் சுத்தி எத்தனை ஓட்டை இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இது திரும்ப கவுனாப் போகக்கூடாது. தியேட்டர்ல காலுக்கு மாட்டிக்கிறாங்களே பிளாஸ்டிக் உறை, அதையும் தினம் கூடை கூடையாத்தானே எறியறாங்க? இதுல ஒவ்வொண்ணுலயும் எட்டு உறை வரும். காலுக்குத் தையல் இருந்தா பரவால்லையில்ல?"

யூனுஸ் யோசித்தார். "பரவால்ல" என்றார். பிறகு, "நல்லாவே இருக்கும்" என்றார்.

அவள் வெட்ட ஆரம்பித்தாள். தன் ஆயுசில் செய்த வேலைகளிலேயே நயமான ஒன்பது இழையோட்டல்களையும் தன் கையாலேயே வெட்டி எடுத்து ஒதுக்கினாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாலாவது கவுனுக்கு வரும்போது, கால் உறைக்கு நாடா வைப்பதா எலாஸ்டிக் வைப்பதா என்று இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். துவைத்தால் எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்றார் அவர். அவசரத்தில் நாடாவை யார் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்றாள் இவள். ரிஃப்கா புத்தகத்துக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

ஆறு மணிக்குக் கால் மணி இருக்கும்போது கபீரின் பைக் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டருங்க கையெழுத்துப் போடலைன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு மச்சான். சனிக்கிழமை சீட்டை உறுதி பண்ணிடவா? இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

"மறுபடி மூணு மாசம் பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க" என்றார் யூனுஸ்.

"பார்க்கறேன்னுதானே? ஞாயித்துக்கிழமைக்கப்புறம் அந்த விசா திரும்ப வராது மச்சான். மூணு மாசம் கழிச்சு அவங்க வேணாம்னுட்டா என்ன பண்ணுவீங்க? ராத்தா, நீயாவது எடுத்துச் சொல்லு" என்று அக்காவின் பக்கம் திரும்பினான்.

கபீர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டம். யூனுஸ் நஃபீசாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ என்ன சொல்றே?"

ஒவ்வொரு லீவு முடியும்போதும் அவர் இதே கேள்வியைக் கேட்பார். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஒவ்வொரு தடவையும் அவள், "உங்க இஷ்டங்க, போயிட்டு வாங்க" என்பாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய், பெட்டியில் வைக்க அச்சு முறுக்கு சுடுவாள். ரிஃப்கா பிறந்து நாற்பதாம் நாளும் அப்படித்தான் சொன்னாள். அவர் அத்தா மவுத்தாகி, அடக்கத்துக்கு மூன்று நாள் தாமதமாக வந்துவிட்டுத் திரும்பிப் போனபோதும் அப்படித்தான் சொன்னாள்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"போகாதீங்க."

கபீர் வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"மூணு மாசம் கழிச்சு டாக்டரம்மா வேணாம்னு சொன்னாலும் போகாதீங்க. மில்லை மூடினாலும் போகாதீங்க. நான் பட்டுப்புடவைக்கு இழையோட்டுவேன். நீங்க ஊர்ல எவன் துணியையாவது துவைங்க. எனக்கு நீங்க இங்க இருக்கணும். எனக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியணும்."

யூனுஸ் அப்படியே உமி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீ இதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா, நான் என்னிக்கோ வந்திருப்பேனே நஃபீசா."

"வந்துடுவீங்கன்னு தெரியும்ங்க" என்றாள் அவள். "அதனாலதான் சொல்லல."

கபீர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு வெளியே போய், சனிக்கிழமை சீட்டை விட்டுவிடச் சொல்லிப் போன் பண்ணினான்.